என் பிரஷர் யாருடைய எண்?

(கோவையில் மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'டிஜிட்டல் மருத்துவம்: நோய்த்தடுப்பும் நோயாளியின் அதிகாரமும்'. மருத்துவமனைகளுக்குப் பேர் போன இந்த ஊரில் இப்படியான தலைப்புகளுக்குப் பஞ்சம் இல்லை. செயலி வந்துவிட்டது, இனி நோயாளிதான் ராஜா என்று பேசுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். நம் தோழர்களிடம் இதற்கு நேர் எதிரான பேச்சு ஒன்று உண்டு. செயலி என்றாலே கண்காணிப்பு, நமக்கு வேண்டவே வேண்டாம் என்பது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. நம் காலனிகளில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென்று கை கால் விழுந்து படுத்துவிடுகிறார். விசாரித்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததே யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் போய் நின்றுகொண்டு 'கருவியே வேண்டாம்' என்று நம்மால் சொல்ல முடியாது. நாம் கேட்க வேண்டியது வேறு. அளந்த எண் யாரிடம் போகிறது? அதை வைத்து யார் முடிவெடுக்கிறார்கள்? கையை நீட்டியவருக்கு அந்த எண்ணில் என்ன உரிமை?

இந்தக் கேள்விக்குச் செல்போனைவிட வயது அதிகம். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் நீலகிரி. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கிருந்த ஆதிவாசிகளின் ரத்தத்தில் சிக்கிள் செல் கூறு இருப்பதைப் பதிவு செய்தார்கள். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, நுண்ணிய குழாய்களை அடைத்து, எலும்பிலும் மூட்டிலும் உயிர் போகிற வலியைக் கொடுக்கும் பரம்பரை நோய் இது. எடுத்த ரத்தம் அன்றைக்கு எதற்குப் பயன்பட்டது தெரியுமா? இந்த மக்கள் எந்த 'இனத்தை'ச் சேர்ந்தவர்கள், எங்கிருந்து வந்தவர்கள் என்ற விவாதத்துக்கு. வலித்தவருக்கு மருந்து கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1990இல் கூடலூரில் அஸ்வினி என்ற அமைப்பு தொடங்கி, ஆதிவாசிப் பெண்கள் செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்று, தங்கள் மருத்துவமனையில் தாங்களே நின்று வேலை செய்யும் நிலை வந்தது. அதே ரத்தப் பரிசோதனைக்கு அப்போது வேறு பொருள் வந்துவிட்டது.

அமெரிக்காவிலும் இதே நோயில் இதே கதைதான். அரசு கண்டுகொள்ளாத நோய் என்பதால் 1971இல் கருஞ்சிறுத்தைக் கட்சி தன் மக்களுக்குத் தானே இலவசமாகப் பரிசோதனை செய்யத் தொடங்கியது. அதன் பிறகு சில மாநில அரசுகள் விழித்துக்கொண்டு பரிசோதனையைக் கட்டாயம் ஆக்கின. விளைவு என்ன? நோய் இல்லாமல் கூறு மட்டும் உள்ளவர்களுக்கும் வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபாடு வந்தது. கூறு உள்ளவர்களை அந்நாட்டு விமானப்படைப் பயிற்சிக் கழகம் 1981 வரை சேர்க்கவில்லை. ஒரே சொட்டு ரத்தம்தான். யார் கையில் முடிவு இருந்தது என்பதில்தான் வேறுபாடு. நம் நாட்டிலும் 2023 ஜூலையில் சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கி, நாற்பது வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, ஒவ்வொருவருக்கும் நிலையைக் காட்டும் அட்டை கொடுப்பது என்று திட்டம் நடக்கிறது. தேவையான திட்டம்தான். அந்த அட்டையை நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவரும் வேலை கொடுக்கிறவரும் கேட்டால், காட்ட மாட்டேன் என்று சொல்லும் தெம்பு அந்த இளைஞருக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது சமவெளிக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் டிஜிட்டல் கருவியோடு நடக்கும் மிகப் பெரிய நோய்த்தடுப்பு வேலை 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுவிலிருந்து வரும் ஒரு பெண் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறார், செல்போனில் பதிவு செய்கிறார், மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு என்ன சொன்னது? பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. அந்த நோய் உள்ள நூறு பேரில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 பேருக்கு மட்டுமே. சர்க்கரையில் 10.8. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாடு 17 ஆகவும் சர்க்கரை 16.7 ஆகவும் உயர்ந்தது. வாசலுக்கு மருந்து போனதற்கு அதில் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது.

சரி, மீதி 83 பேர் யார்? எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? என் ஆய்வே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கோவை மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர், காலனி, தள்ளித் தள்ளித் தோட்டத்து வீடுகள். தன்னார்வலர் காலனியைச் சேர்ந்த அருந்ததியர் பெண். பன்னிரண்டாவது வரை படித்தவர், வேலையில் சுறுசுறுப்பு. அவரோடு சில வாரங்கள் நடந்தேன். தோட்டத்து வீடு ஒன்றில், திண்ணைக்கு முன்னால் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார்: "மெசினு எங்ககிட்டயே இருக்குது புள்ளெ. பையன் ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தான். நெம்பரச் சொல்றேன், எழுதிக்கோ." இவர் "சரிங்கம்மா" என்றார். நூற்று நாற்பத்திரண்டு, தொண்ணூறு என்று வந்தது. பதிவு செய்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தோம். வழியில் நான் கேட்டேன், எல்லா வீட்டிலும் இப்படித்தானா என்று. "அவீங்க கையில நாங்க பட்டை கட்ட முடியுமாங்ணா?" என்று சிரித்தார்.

தோழர்களே, அந்த பிபி மெஷினைச் சற்று நினைத்துப் பாருங்கள். நோயாளியே தன் உடலைத் தானே அளந்துகொள்வதுதான் அதிகாரம் என்று டிஜிட்டல் மருத்துவக்காரர்கள் பேசுகிறார்களே, அவர்கள் விளம்பரத்தில் வருவது இதே மெஷின்தான். இங்கே அது தொடாமல் இருக்க உதவுகிறது. இரட்டைக் குவளைக்குப் பதிலாகக் காகிதக் கப் வந்தபோது தீண்டாமை போய்விட்டது என்று சில பேர் எழுதினார்கள் அல்லவா, அது போலத்தான். செயலிக்கு இது எதுவும் தெரியாது. பட்டை கட்டி அளந்த எண்ணும் திண்ணையிலிருந்து கத்திச் சொன்ன எண்ணும் அதில் ஒன்றுதான்.

இனி காலனிக்குள் வாருங்கள். இங்கே தொடுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் நேரத்தில் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் வீட்டில் இருப்பது வயதானவர்களும் குழந்தைகளும்தான். மில் பஸ்ஸும் கட்டிட வேலைக்கான வேனும் அதற்கு முன்பே போய்விடும். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கிற, பிரஷரை இன்றைக்குக் கண்டுபிடித்தால் இருபது ஆண்டு கழித்து வரும் பக்கவாதத்தைத் தடுக்கக்கூடிய ஆட்கள் யாரும் வீட்டில் இல்லை. 2024இல் பணியிடங்களுக்கும் இந்தத் திட்டம் விரிவாக்கப்பட்டது. ஆனால் எங்கள் ஆட்களின் பணியிடம் என்பது இன்றைக்கு ஒரு சைட், நாளைக்கு வேறொரு சைட்.

அடுத்தது மொழி. கொங்குத் தமிழின் 'ங்க' பற்றி நாம் பெருமை பேசுவோம். சினிமாவிலும் காட்டுவார்கள். அந்த 'ங்க' எல்லா வாசலிலும் ஒலிப்பதில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியும். மாதம் ஒருமுறை வரும் மேற்பார்வைக் குழு ஊருக்குள் "மாத்திரை சாப்பிடறீங்களாங்க?" என்று கேட்டது. காலனியில் அறுபத்தைந்து வயது மூதாட்டியிடம் "ஏம்மா, மாத்திரை ஒழுங்காப் போட மாட்டியா நீ?" என்றது. அந்த மூதாட்டி அன்று எதுவும் பேசவில்லை. எல்லோரும் போன பிறகு தன்னார்வலரைக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, நூத்தியறுபதுன்னா என்னன்னு எனக்கு ஒருத்தருஞ் சொல்லலியே" என்றார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு அளந்திருக்கிறார்கள். அட்டையில் வரிசையாக எண்கள் இருக்கின்றன. அந்த எண்ணின் பொருளை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மாத்திரை போட்டதும் தலைசுற்றல் வந்ததால் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். அதைக் கேட்டிருந்தால் மருந்தை மாற்றியிருக்கலாம். மரியாதையாகக் கேட்காத கேள்விக்கு யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. நோய்த்தடுப்பில் இதைவிடப் பெரிய தொழில்நுட்பச் சிக்கல் எதையும் நான் என் ஆய்வில் பார்க்கவில்லை.

இவ்வளவையும் சுமக்கிற அந்தத் தன்னார்வலருக்கு என்ன ஊதியம்? திட்டம் தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய். பெயர் 'ஊக்கத்தொகை'. குறைந்தபட்ச ஊதியம் கேட்டு அவர்கள் போராடியிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் போய் நின்றோம்?

கருவியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் போனால் இரண்டரை கிலோமீட்டர் நடைபாதையில் நடக்கிறவர்களின் கையில் ஸ்மார்ட் வாட்ச் மின்னும். எத்தனை அடி நடந்தோம், இதயம் எத்தனை முறை துடித்தது, எல்லாம் அவர்களுக்கே தெரியும், அவர்களுக்கு மட்டும் தெரியும். அதே பாதையை அவர்கள் வருவதற்கு முன்பே கூட்டி முடித்துவிட்டுப் போகிற தூய்மைப் பணியாளர்களும் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறார்கள். நாட்டின் வேறு நகரங்களில் அவர்கள் கையிலும் வாட்ச் கட்டியிருக்கிறார்கள். நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் வாட்ச் கொடுத்தன. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நின்றார் என்று மேலதிகாரி திரையில் பார்ப்பதற்காக. கழிப்பறைக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது என்று பெண் பணியாளர்கள் சொன்னது செய்திகளில் வந்தது. சண்டிகரில் 2020இல் போராட்டமே நடந்தது. ஒருவர் மணிக்கட்டில் நலக் கருவி, இன்னொருவர் மணிக்கட்டில் விலங்கு. விற்கிற கம்பெனிக்கு இரண்டும் வாட்ச்தான்.

என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்தவர். சர்க்கரை உண்டு. ஒரு தனியார் மருத்துவமனையில் ஒருமுறை காட்டினோம். ரிப்போர்ட் காகிதத்தில் தர மாட்டோம், ஆப்பில் வரும் என்றார்கள். அம்மாவிடம் பட்டன் போன். ஓடிபி என் செல்லுக்கு வந்தது, ரிப்போர்ட்டும் எனக்குத்தான் வந்தது. கூடவே தினமும் காலை ஒரு செய்தி: 'இன்று முப்பது நிமிடம் நடந்தீர்களா?' அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எம்புட்டு தூரம் கூட்டறேன்னு அந்த போனுக்குத் தெரியாதா சாமி?" என்றார். சிரிப்புக்காக இதைச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தேவைப்பட்டது நடைப்பயிற்சி அறிவுரை இல்லை. கால் உணர்ச்சி குறைந்த ஒருவர் சாக்கடை ஓரத்தில் செருப்போடு வேலை செய்யக் கூடாது, பூட்ஸ் வேண்டும், தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்பது. அதை எந்தச் செயலியும் சொல்லவில்லை, ஏனென்றால் பூட்ஸ் கொடுக்க வேண்டியவர் ஒப்பந்ததாரர், செயலியின் வாடிக்கையாளர் வேறு யாரோ. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தாங்களே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் அகில இந்திய அளவில் நூற்றுக்கு 54 பேர்தான். மற்றவர்களின் உடல் பற்றிய செய்தி மகனுக்கோ கணவனுக்கோ போகிறது. இதைத்தான் நோயாளியின் அதிகாரம் என்கிறார்கள்.

நன்றாக வேலை செய்யும் கருவி எப்படி இருக்கும் என்றும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் புலம்பலாகிவிடும். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. காசநோய் யாரைப் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடியான வீடு, அரை வயிறு, தூசியில் வேலை. சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் இறப்பவர்கள்தான் அதிகம். அதனால் நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் அங்கேயே சில விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 94க்குக் கீழே போகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆய்வகம் தேவையில்லை. ஆபத்து என்று தெரிந்தால் உடனே மருத்துவமனையில் படுக்கை, சத்தான உணவு. இந்தப் பதிவுக்கு ஒரு செயலியும் உண்டு, சமீபத்தில் இறப்பு அபாயத்தை முன்கூட்டிக் கணிக்கும் வசதியையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். எண் வந்தால் படுக்கை வர வேண்டும் என்று எண்ணையும் செயலையும் கட்டிப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் இதன் பலம்.

இதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஆக்சிமீட்டர் விரல் வழியாக ஒளியைச் செலுத்தி ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. தோலின் நிறம் அந்த ஒளியில் குறுக்கிடும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தார்கள். உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 பேர், கறுப்பினத்தவரில் 11.7 பேர். கருவி 'பரவாயில்லை' என்று சொல்லும், உள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். வெயிலில் கறுத்த நம் விரலுக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியுமா? காசநோய்த் திட்டத்தில் எனக்குப் பிடித்தது இதனால்தான்: ஆக்சிமீட்டர் ஏமாற்றினாலும், பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுகிற ஒரு மனிதர் இருக்கிறார்.

அல்காரிதத்தில் வரும் ஏமாற்று இதைவிட நுட்பமானது. 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஒபர்மேயரும் மற்றவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லும் ஒரு மென்பொருள். அதில் 'இனம்' என்ற தகவலே கிடையாது. ஆனால் நோயின் தீவிரத்தை அது மருத்துவச் செலவை வைத்து ஊகித்தது. கறுப்பின மக்கள் மருத்துவமனைக்குப் போக வழியின்றிக் குறைவாகச் செலவழித்ததால், குறைவாக நோயுற்றவர்கள் என்று முடிவு கட்டியது. அதைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புப் பட்டியலில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று காட்டினார்கள். இதை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். 'வா, போ' என்று பேசுவார்கள் என்பதாலும் ஒரு நாள் கூலி போகும் என்பதாலும் ஆஸ்பத்திரிப் படியேறாத அந்த மூதாட்டி, நாளைக்கு ஒரு மென்பொருளின் கண்ணில் நல்ல ஆரோக்கியமான பெண்மணி. சாதி என்ற கட்டத்தையே படிவத்தில் வைக்காமல் சாதியைச் செய்து முடித்துவிடலாம்.

அப்படியென்றால் படிவத்தில் சாதியைச் சேர்க்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். நம் இயக்கத்துக்குள்ளேயே இதில் குழப்பம் இருக்கிறது. கணக்கெடுப்பில் சாதி வேண்டும் என்று போராடுகிறோம், மருத்துவப் பதிவில் சாதி என்றால் பயப்படுகிறோம். இரண்டும் சரிதான் என்பது என் கருத்து. கூட்டுக் கணக்கு வெளியே வர வேண்டும்: இந்த ஊராட்சியில் ஊர்ப்பகுதியில் எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, காலனியில் எத்தனை பேருக்கு? தனி மனிதரின் பதிவு பூட்டப்பட்டிருக்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். கூட்டுக் கணக்கை நம்மிடம் யாரும் காட்டுவதில்லை, தனி மனிதர் பதிவைப் பார்க்கும் வாய்ப்பு பல கைகளுக்கு இருக்கிறது.

சட்டம் காப்பாற்றுமா? 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவில் உடல்நலத் தகவல், சாதி, பழங்குடி அடையாளம் ஆகியவை 'கூருணர்வுத் தகவல்' என்று தனி வகையாக இருந்தன, அவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்பும் இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. உங்கள் எச்ஐவி சோதனை முடிவும் நீங்கள் சட்டை வாங்கிய கடை விவரமும் ஒரே தட்டில். மானியமும் நலத்திட்டமும் தருவதற்காக அரசு தகவலைக் கையாள, தனியாகச் சம்மதம் கேட்காமலிருக்கவும் அதில் வழி உண்டு.

தனியுரிமை என்பது படித்த நடுத்தர வர்க்கத்தின் கவலை என்று சில தோழர்கள் சொல்வார்கள். கொங்கு மண்டலத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது. 2015இல் கோகுல்ராஜ், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர். சாதி மறுத்துத் திருமணம் செய்து, ஊரை விட்டு வந்து, திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் ஒளிந்து வாழும் இணையரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் கர்ப்பமானால் பெயர், கணவர் பெயர், முகவரி, செல் எண் கொடுத்து பிக்மி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த எண் இருந்தால்தான் மகப்பேறு உதவி. தாய், சேய் இறப்பைத் தடுக்க மிகவும் உதவிய பதிவுமுறை அது, அதை எதிர்க்க முடியாது. ஆனால் அந்தத் திரையை எத்தனை பேர் திறந்து பார்க்கலாம், யார் பார்த்தார்கள் என்ற பதிவு இருக்கிறதா, அந்தப் பெண் கேட்டால் அதைச் சொல்வார்களா? அவளுக்கு இது தத்துவக் கேள்வி இல்லை. தேடிக்கொண்டிருக்கும் அண்ணனுக்கு ஒரு முகவரி போதும்.

கோவின் காலத்தையும் மறக்க வேண்டாம். 2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியிருந்தது. அதே மாதத்தில் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி வேண்டுமென்றால் இணையத்தில் முன்பதிவு கட்டாயம். டிஜிட்டல் இடைவெளியை யோசித்தீர்களா என்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசைக் கேட்ட பிறகு, ஜூனில் நேரடியாகப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது. கதவு ஒன்றே ஒன்றாக இருந்து, அதன் பூட்டு செல்போனில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரு மாதம் போதும்.

எச்சரிக்கை இருந்தும் பலன் இல்லாமல் போவதை மேட்டுப்பாளையம் நடூரில் பார்த்தோம். 2019 டிசம்பர் 2 விடியலில் சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டோம் என அந்த மக்கள் சொன்னார்கள். தகவல் இருந்தது. தகவல் சொன்னவர்களின் பேச்சு எடுபடவில்லை. பிரஷர் எண்ணும் அதுபோன்ற ஒரு முறையீடுதான்.

என்ன செய்யலாம் என்று முடிப்பதற்குள் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பதிவு நோயாளியின் உரிமை. 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். காகிதத்தில் கேளுங்கள். 'ஆப்பில் இருக்கிறது' என்ற பதில் போதாது. எழுத்தில் கேட்டு, தேதி போட்டு, ஒப்புகை வாங்குங்கள். ஆபா எண் என்கிற 14 இலக்க எண் விருப்பத்தின் பேரில்தான், அது இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது என்பதை உங்கள் தெருவில் சொல்லுங்கள்.

இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், உங்கள் காலனியில் ஒரு பிபி மெஷினோடு உட்காருங்கள். வருகிறவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டு அளங்கள், நடந்து வந்த மூச்சோடு அளந்தால் எண் கூடித் தெரியும். அளந்ததை அவருடைய அட்டையில் எழுதி, 140க்கு 90 என்றால் என்ன, இவருக்கு ஏன் கூடுகிறது, மாத்திரையை ஏன் பாதியாக உடைக்கக் கூடாது என்று அவருடைய பேச்சிலேயே சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம், பேத்தியின் போனில் கேட்டுக்கொள்வார். செயலியை உருவாக்கத் தெரிந்த தோழர்கள் இருந்தால், மேலே அனுப்பும் செயலி நிறைய இருக்கிறது, அளக்கப்பட்டவரிடமே பேசும் ஒன்றைத் தமிழில் செய்யுங்கள். அளக்கிறவர் கூச்சப்படாமல் கேள்வி கேட்க விடுவாரென்றால் அதற்கு இணையம்கூட வேண்டியதில்லை.

அப்புறம் கிராம சபை. அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை. அதில் எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் காலனியில் முப்பது வயதுக்கு மேல் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆண்டு பிரஷர் பார்த்தீர்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது, ஊர்ப்பகுதியில் எவ்வளவு? யார் பெயரும் வேண்டாம், எண் மட்டும் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் வர முடியுமா, அப்படி வரச் சொன்னால் அந்தத் தன்னார்வலருக்கு என்ன கூடுதலாகக் கொடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். அப்படிப் பிரித்தெல்லாம் எங்களிடம் கணக்கு இல்லை என்பார்கள். வீடு வீடாகப் போய், தெருப் பெயரோடு, அந்தப் பெண் செல்போனில் பதிந்து வைத்திருக்கிறார். பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.